முயற்சி பாதி, கடவுள் பாதின்னு பிரிக்க முடியுமா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன். ரெண்டு தடவ தேர்வு எழுதி கொஞ்ச மார்க்குல போயிடுச்சு, இப்ப மூணாவது தடவைக்கு படிச்சிட்டு இருக்கீங்க, அம்மா "சாமி மேல பாரத்த போடு, எல்லாம் அவர் பாத்துப்பார்"ங்கறாங்க, கூட இருக்கற நண்பர் "கும்பிடற நேரத்துல நாலு பக்கம் படிச்சா பாஸாவே ஆயிடலாம்"ங்கறார், ரெண்டும் சரின்னுதான் தோணுது, நான் எதுல எவ்வளவு வைக்கணும்னு கேட்டிருக்கீங்க.

அந்த "எவ்வளவு"ங்கற வார்த்தையிலதான் சிக்கல் இருக்குன்னு நான் நினைக்கறேன். முயற்சி 70, கடவுள் 30ன்னு தராசுல போட்டு சரி பண்ற விஷயமா இத நிறைய பேர் பாக்கறாங்க, நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் பாத்தேன். தராசுன்னு வந்துட்டா ஒரு தட்டு ஏறினா இன்னொரு தட்டு இறங்கணும்ல, அப்ப நல்லா படிக்கறவன் கும்பிட்டா அவனுக்கு தன் மேலயே நம்பிக்கை இல்லன்னு ஆயிடும், கும்பிடறவன் விழுந்து விழுந்து படிச்சா அவனுக்கு சாமி மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிடும். ரெண்டுமே பொய். செய்யற வேல மொத்தமும் நம்மளது, நூத்துக்கு நூறு, அதுல ஒரு துளிய கூட கடவுள் பக்கம் தள்ளிவிட கூடாது. அந்த வேல கடைசியில என்னவா முடியுதுங்கறது வேற கணக்கு, அங்க போய் நாம எஜமானா உட்கார முடியாது. வேண்டுதல்ங்கறது இந்த ரெண்டும் தொட்டுக்கற இடத்துல இருக்கு. இத நான் புத்தகத்துல படிச்சு தெரிஞ்சுக்கல, எங்கப்பா கைய பிடிச்சுட்டு உட்கார்ந்தப்பதான் புரிஞ்சுது, அத சொல்லிட்டு மத்தத சொல்றேன்.

அப்பாவுக்கு பக்கவாதம் வந்தது ஒரு ராத்திரி. வாய் ஒரு பக்கம் கோணிடுச்சு, வலது கை தொங்கிடுச்சு, பேச்சு குழறுது. வீட்டுல இருந்த ஒரு பெரியவர் "பதறாதீங்க, சாமிய வேண்டிக்கிட்டு படுக்க வைங்க, விடிஞ்சதும் பாத்துக்கலாம்"னார். அவர் கெட்டவர் இல்ல, அவருக்கு அதுதான் பக்தி. எங்கம்மாவுக்கு அவர விட நாலு மடங்கு பக்தி, ஆனா அவங்க சொன்னது "கும்பிட்டுட்டே வண்டியில ஏறுடா". வழி முழுக்க அவங்க உதடு அசைஞ்சுட்டே இருந்துச்சு, ஒரு கை அப்பா தலைய தாங்கிட்டு இருந்துச்சு. அப்புறம்தான் எங்களுக்கு தெரிஞ்சுது, மூளைக்கு போற ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சு வர்ற பக்கவாதத்துல அந்த கட்டிய கரைக்கற ஊசிய பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுக்குள்ளயும் ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கிட்டே இருக்கும். விடியற வரைக்கும் படுக்க வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நினைச்சாலும் வயித்த பிசையுது. உங்க கேள்விக்கு எங்கம்மா அன்னிக்கே பதில் சொல்லிட்டாங்க, எனக்குத்தான் அது புரிய இன்னும் சில மாசம் ஆச்சு.

ஏன்னா நான் அடுத்து இதுக்கு நேர் எதிர் தப்ப பண்ணேன். அப்பா வீட்டுக்கு வந்தப்ப வலது கை இறுக்கமா மூடிக்கிச்சு, கட்டைவிரல் உள்ள, மத்த நாலு விரலும் அது மேல. தினமும் அந்த கைய விரிச்சு பயிற்சி கொடுக்கணும், இல்லன்னா அப்படியே மடங்கி இறுகி போயிடும்னு சொல்லி அனுப்பினாங்க. நான் எல்லாம் என் கையிலதான் இருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு நாளைக்கு இத்தன தடவன்னு சொன்னா நான் அதுக்கு ரெண்டு மடங்கு பண்ணேன், நோட்டு போட்டு எழுதி வெச்சேன், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போய் விரல இழுத்தேன். இழுக்க இழுக்க அந்த கை இன்னும் கெட்டியா மூடிக்கும், அப்பா முகம் சுருங்கும், எனக்கு கோவமா வரும், அவர் மேலயா சாமி மேலயா என் மேலயான்னே தெரியாது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு நாள் நான் பண்றத பாத்துட்டு என் கைய எடுத்து ஓரமா வெச்சார். "வேகமா இழுத்தா இந்த தசை எதுத்துக்கிட்டு இன்னும் இறுகும், நீங்க அதோட சண்டை போடறீங்க"ன்னார். முதல்ல மணிக்கட்ட மெதுவா உள்பக்கமா மடக்கினார், அப்புறம் கட்டைவிரல நுனியில பிடிக்காம அடிப்பக்கமா சதையோட சேத்து பிடிச்சு வெளியில எடுத்தார், எடுத்துட்டு அப்படியே அசையாம இருந்தார். "இப்ப காத்திருங்க"ன்னார். பத்து இருபது வினாடி ஒண்ணும் நடக்கல. அப்புறம் மத்த நாலு விரலும் யாரும் இழுக்காம தானா தளர்ந்துச்சு. நான் மாசக்கணக்கா இழுத்தும் விரியாத கை, தம்பி.

அந்த காத்திருக்கறதும் பயிற்சியில ஒரு பகுதிதான்னு எனக்கு அப்ப உறைச்சுது. மணிக்கட்ட மடக்கறது, பிடிக்கற இடம், பொறுமை, தினமும் தவறாம உட்கார்றது இதெல்லாம் என் வேல. அந்த விரல் விடறது என் வேல கிடையாது, அங்க என் பலத்த காட்டினா காரியமே கெட்டு போகுது. அந்த இருபது வினாடியிலதான் நான் மறுபடி கும்பிட ஆரம்பிச்சேன். அதுவரைக்கும் என் வேண்டுதல் எல்லாம் "இத சரி பண்ணி கொடு"ன்னு ஒரு ஆர்டர் மாதிரிதான் இருந்துச்சு, அதுக்கு அப்புறம் அப்பா கைய பிடிச்சுட்டு "நான் இங்க இருக்கேன், நீயும் இரு"ங்கற அளவுல வந்து நின்னுச்சு. கை முழுசா குணமாகல, அதையும் சொல்லிடறேன். கட்டைவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் ஓரளவுக்கு வந்துச்சு, சட்டை பட்டன் போட முடியாது, ஆனா டம்ளர வலது கையால அணைச்சுக்கிட்டு இடது கையால குடிப்பார்.

இப்ப பெரியவங்க சொன்னதுக்கு வர்றேன், உங்க நண்பர் மாதிரி ஆளுங்க கண்டிப்பா இந்த குறள எடுத்து போடுவாங்க: "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." 619வது குறள். சாமியால முடியாதது கூட முயற்சியால முடியும்னு மேடையில முழங்குவாங்க. நிதானமா படிச்சு பாருங்க, வள்ளுவர் போட்டிருக்கற வார்த்தை "கூலி". விதி வசத்தால நினைச்ச பலன் கிடைக்காட்டியும், உடம்ப வருத்தினதுக்கு உண்டான கூலி அளவுக்கு கிடைக்கும்னுதான் பரிமேலழகரும் உரை சொல்றார். நினைச்ச பலன் வேற, கூலி வேற. இத ஜெயிப்போம்ங்கற வாக்குறுதியா எடுத்துக்கிட்டு பாடுபட்டு, கடைசியில கைக்கு எட்டாதப்ப குறளே பொய்னு உடைஞ்சு போனவங்கள நான் பாத்திருக்கேன். நீங்க ரெண்டு வருஷம் படிச்சதுக்கு கூலி உங்க கிட்ட இருக்கு, முத தடவ புரியாம தாண்டி போன பாடம் இப்ப தண்ணி மாதிரி ஓடுதா இல்லையா, அதுதான் அந்த கூலி, ரிசல்ட்டுல பேர் வரலைங்கறதுக்காக அது இல்லாம போயிடாது.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப பிடிச்சது, யாரும் அதிகமா சொல்றதில்ல. ஊழ்ங்கற அதிகாரத்தோட கடைசி குறள், 380வது, "ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினுந் தான்முந் துறும்". விதிய விட பெரிய பலம் எது, அத தாண்டி போக நாம வேற வழி யோசிச்சாலும் அது நமக்கு முன்னாடி போய் நிக்கும்ங்கறார். அப்புறம் 1023க்கு வாங்க, "குடிசெய்வல் என்னும் ஒருவற்குத் தெய்வம் மடிதற்றுத் தான்முந் துறும்". என் குடிய உயர்த்தியே தீருவேன்னு ஒருத்தன் இறங்கினா, தெய்வம் வேட்டிய இறுக்கி கட்டிக்கிட்டு அவனுக்கு முன்னாடி வந்து நிக்கும்ங்கறார். கவனிச்சீங்களா, "தான்முந்துறும்"ங்கற அதே வார்த்தை, அங்க விதிக்கு, இங்க தெய்வத்துக்கு. நமக்கு முன்னாடி ஒண்ணு போய் நிக்குதுங்கறத வள்ளுவர் ரெண்டு இடத்துலயும் மறுக்கல. ஆனா அந்த ரெண்டாவது இடத்துல, இடுப்புல துணிய வரிஞ்சு கட்டிட்டு வேலைக்கு வர்ற ஆள் மாதிரி தெய்வம் வருதே, அது வர்றது ஏற்கனவே "செய்வேன்"னு இறங்கிட்டவன் கிட்ட. குந்தியிருக்கறவன் வீட்டுக்கு வேட்டிய மடிச்சு கட்டிட்டு வந்து அதுக்கு என்ன வேல இருக்கு?

அம்மா சொல்றதுக்கு ஆதரவா சொல்ற பூனைக்குட்டி கதையும் கேள்விப்பட்டிருப்பீங்க. குரங்குக்குட்டி தாய இறுக்கி பிடிச்சுக்கணும், பூனைக்குட்டி சும்மா இருந்தா போதும், தாய் வந்து வாயில கவ்விட்டு போயிடும். வைஷ்ணவத்துல வடகலை, தென்கலைன்னு ரெண்டு பிரிவுக்கும் நடுவுல நடந்த பெரிய வாதம் இது. இத வெச்சு "பாத்தியா, சும்மா இருந்தாலே போதும்"னு சொல்றவங்க ஒண்ண விட்டுடறாங்க. அந்த வாதம் மோட்சம் யாரால கிடைக்குதுங்கறத பத்தினது, பரீட்சைக்கோ வேலைக்கோ வைத்தியத்துக்கோ சும்மா இருன்னு ரெண்டு பக்கமும் சொல்லவே இல்ல. சந்தேகமா இருந்தா அவங்க வாழ்க்கைய பாருங்க. 1323 வாக்குல ஸ்ரீரங்கத்து மேல படையெடுப்பு வந்தப்ப, பூனைக்குட்டி பக்கத்து ஆச்சாரியரான பிள்ளை லோகாச்சாரியார் தள்ளாத வயசுல அந்த கோயில் உற்சவ மூர்த்தியான நம்பெருமாள எடுத்துக்கிட்டு ஒரு கூட்டத்தோட காடு மேடெல்லாம் நடந்தார்னும் அந்த வழியிலயே உயிர விட்டார்னும் ஆச்சாரியர்கள் வரலாற சொல்ற குருபரம்பரை சொல்லுது. குரங்குக்குட்டி பக்கத்து வேதாந்த தேசிகர் அதே சமயத்துல பிணங்களுக்கு நடுவுல படுத்து ஒரு உரைநூலோட சுவடிய காப்பாத்தினார்னும் அதே மரபு சொல்லுது. பெருமாள் பாத்துப்பார்னு முழுசா நம்பினவர்தான் பெருமாள தூக்கிட்டு ஓடினார், தம்பி. நம்பெருமாள் திரும்பி கோயிலுக்கு வந்தது 1371ல, கிட்டத்தட்ட 48 வருஷம், எத்தனையோ பேர் கை மாறி கை மாறி காப்பாத்தி கொண்டு வந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர் கிட்ட போய் "இது உங்க முயற்சியா, அவர் அருளா"ன்னு கேட்டா என்ன சொல்லியிருப்பார்னு நான் பல தடவ யோசிச்சிருக்கேன், கேள்வியே அவருக்கு புரிஞ்சிருக்காதுன்னுதான் தோணுது.

மத்த மதங்கள்லயும் இதேதான். ஒட்டகத்த கட்டிட்டு இறைவன நம்பவா, அவிழ்த்து விட்டுட்டு நம்பவான்னு ஒருத்தர் கேட்டப்ப, கட்டிட்டு நம்புன்னு நபிகள் சொன்னதா திர்மிதிங்கற நபிமொழி தொகுப்புல இருக்கு. பைபிள்ல நெகேமியா எருசலேம் மதில கட்டும்போது எதிரிங்க தாக்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும் ஜெபம் பண்ணிட்டு, கையோட ராவும் பகலும் காவலும் போட்டார், 52 நாள்ல மதில் முடிஞ்சுது. கீதையில 18வது அத்தியாயத்துல ஒரு காரியம் நடக்க அஞ்சு காரணம் சொல்லிட்டு, உடம்பு, செய்யறவன், கருவிகள், பலவித முயற்சி எல்லாம் எண்ணினதுக்கு அப்புறம் அஞ்சாவதா தெய்வம்னு வருது. அஞ்சுல நாலு நம்ம பக்கம்தான், ஆனா அந்த அஞ்சாவத விட்டுட்டு எல்லாம் நானேன்னு நினைக்கறவனுக்கு பார்வை சரியில்லன்னும் அங்கயே சொல்லியிருக்கு.

எனக்கு இதுல கடைசி வார்த்தை அப்பரோடதுதான். "தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே." கையில உழவாரப்படையோட கோயில் கோயிலா போய் புல்லு செதுக்கினவர் பாடினது, அதனாலதான் அந்த வரிக்கு அவ்வளவு கனம். ரெண்டு கடன், ரெண்டு பேர். என்னைய தாங்கறது அவர் கடன், அத நான் எடுத்து செய்ய போனா ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா விரல இழுத்த கதைதான். பணி செய்யறது என் கடன், அத அவர் தலையில கட்டினா விடியற வரைக்கும் படுக்க வைங்கன்னு சொன்ன பெரியவர் கதைதான்.

சரி, உங்க தேர்வுக்கு வருவோம். உங்க கையில இருக்கறது எவ்வளவோ இருக்கு, எத்தன மணிக்கு உட்கார்றீங்க, போன ரெண்டு தடவையும் எந்த பகுதியில மார்க் போச்சுன்னு எடுத்து வெச்சு பாத்தீங்களா, பழைய வினாத்தாள நேரம் வெச்சு எழுதி பாக்கறீங்களா, சரியா தூங்கறீங்களா. கேள்வித்தாள் எப்படி வரும், எத்தன பேர் எழுதுவாங்க, கட் ஆஃப் எங்க நிக்கும், அன்னிக்கு உடம்பு எப்படி இருக்கும், இது எதுவும் உங்க கையில இல்ல. நிறைய பேர் இந்த ரெண்டாவது பட்டியல நினைச்சு நினைச்சே முதல் பட்டியலுக்கு உண்டான தெம்ப செலவு பண்ணிடறாங்க. அந்த ரெண்டாவத எடுத்து சாமி கிட்ட கொடுத்துடுங்க, அம்மா சொல்ற "பாரத்த போடு" அதுக்குத்தான், முதல் பட்டியல அவங்க சொல்லல, போய் கேட்டு பாருங்க, அவங்களே ஆமான்னுவாங்க.

நண்பர் சொல்றதையும் நான் தள்ளிவிட மாட்டேன். படிக்க பயமா இருக்கறப்ப கும்பிடறதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறது நடக்கும், எனக்கே நடந்திருக்கு. கண்டுபிடிக்கறது சுலபம், கும்பிட்டு எழுந்ததும் உங்க கை எங்க போகுதுன்னு பாருங்க. புத்தகத்துக்கு போச்சுன்னா அந்த அஞ்சு நிமிஷம் வீண் இல்ல, அது உங்கள உட்கார வெச்சிருக்கு. போனுக்கோ படுக்கைக்கோ போச்சுன்னா, அன்னிக்கு பண்ணது வேண்டுதல் இல்ல, வேற ஏதோ.

பாஸ் பண்ணி விடுன்னு கேக்கலாமான்னும் எழுதியிருந்தீங்க. தாராளமா கேளுங்க. பலன கேட்டு வேண்டறது கீழான பக்திங்கற மாதிரி சில பேர் பேசுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு கிடையாது, குழந்தை அம்மா கிட்ட கேக்கத்தான் செய்யும். ஆனா அத மட்டும் கேக்காதீங்க, இன்னிக்கு கவனம் சிதறாம இருக்கணும், தெரியாதத தெரியலன்னு ஒத்துக்கற துணிச்சல் வேணும், பக்கத்துல இருக்கறவன் மார்க்க பாத்து வயிறு எரியாம இருக்கணும்னு இதையும் சேத்து கேளுங்க. இந்த மாதிரி கேட்டது எனக்கு அன்னிக்கே கிடைச்சிருக்கு. பேரம் பேசறத மட்டும் விட்டுடுங்க, இது கொடுத்தா அது செய்வேன்ங்கறது. காரியம் நடக்கலன்னா அந்த பேரம் திரும்பி உங்க மேலயே பாயும், நான் சரியா கும்பிடல, என்னமோ குறை வெச்சுட்டேன்னு மனசு அரிக்கும். ஆஸ்பத்திரியில அப்பாவுக்கு பக்கத்து படுக்கையில இருந்தவரோட பொண்ணு கிட்ட, "உங்களுக்கு நம்பிக்கை பத்தல, அதான் இப்படி"ன்னு பாக்க வந்த ஒருத்தர் சொன்னத என் காதால கேட்டேன். ராத்திரி பகலா கண் முழிச்சு பாத்துட்டு இருந்த பொண்ணு. அத விட கொடுமையான வார்த்தைய நான் கேட்டதில்ல. யார் தோத்து நின்னாலும் அத மட்டும் சொல்லிடாதீங்க, உங்களுக்கு நீங்களே கூட.

கடைசியா, இந்த தடவையும் வரலன்னா என்ன பண்றதுன்னு நேரடியா கேக்காட்டியும் கேள்விக்குள்ள அது இருக்கு. மூதுரையில ஒரு பாட்டு உண்டு, எவ்வளவு உயரமா வளர்ந்த மரமும் பருவம் வந்தாதான் பழுக்கும், அதே மாதிரி அடுத்தடுத்து முயற்சி பண்ணாலும் ஆகற நாள் வந்தாதான் காரியம் ஆகும்னு. இத எத்தன தடவ வேணும்னாலும் எழுதிக்கிட்டே இருன்னு எடுத்துக்க வேண்டாம். எத்தன தடவைன்னு இப்பவே ஒரு எல்லை வெச்சுக்கோங்க, அம்மாவோட உட்கார்ந்து பேசி வெச்சுக்கோங்க, வயசும் வீட்டு நிலைமையும் பாத்து. அந்த எல்லை வந்து வேற பாதையில திரும்பினா அது நம்பிக்கை இழந்ததுன்னு அர்த்தம் இல்ல, முயற்சிய கைவிட்டதுன்னும் அர்த்தம் இல்ல. எங்கப்பா வலது கையால எழுத முடியாதுன்னு தெரிஞ்சதும் இடது கையால எழுத பழகினார். முதல் மூணு மாசம் கோடு கோடா கிறுக்கல்தான், இப்ப அவர் பேர அவரே எழுதறார், வலது கை காகிதத்த நகராம பிடிச்சுக்குது.

போன ரெண்டு தடவ மார்க் விவரம் கையில இருந்தா பகுதி பகுதியா எழுதி அனுப்புங்க, எங்க போகுதுன்னு சேர்ந்து பாப்போம். தேர்வு தேதியையும் சொல்லுங்க, அன்னிக்கு காலையில உங்களுக்காக நானும் கும்பிடறேன்.